பனாஹியிடமிருந்து பிடுங்கியவை

2025 மே மாதம் ஈரானிய இயக்குநர் ஜாஃபர் பனாஹிக்குக் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கப்பனை கிடைத்ததிலிருந்து எனக்குத் தெரிந்த சினிமாக்காரர்களுக்குள் ஒரு கதை சுற்றிக்கொண்டே இருக்கிறது. படம் எடுக்கக் கூடாது என்று ஈரான் நீதிமன்றம் தடை போட்டிருந்த 2011இல் அவர் தன் வீட்டுக்குள்ளேயே எடுத்த படத்தைப் பென் டிரைவில் ஏற்றி, அதை ஒரு கேக்குக்குள் ஒளித்து வைத்துக் கானுக்கு அனுப்பினார்கள் என்ற கதை. உண்மைக் கதைதான், கேட்கவும் ஜோராக இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லி முடித்த கையோடு யாராவது ஒருவர் அடுத்த வரியையும் போட்டுவிடுகிறார்: “பாத்தீங்களா, கட்டுப்பாடு இருந்தாத்தான் நல்ல படம் வரும். எல்லா வசதியும் வெச்சுக்கிட்டு நாம என்ன கிழிச்சோம்?”

இந்த இரண்டாவது வரியைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் எடிட்டிங் மேசையில் பிழைப்பு நடத்துபவன். திரையில் இருப்பதைப் பார்க்கும்போதே இல்லாமல் போனதையும் தேடுவது இந்த வேலை தரும் பழக்கம். பனாஹியின் படங்களை எடுத்த வரிசையில் போட்டுப் பாருங்கள். தணிக்கை அவருக்கு எதையும் கொடுக்கவில்லை, எடுத்துக்கொண்டே போயிருக்கிறது. அதைத்தான் கொஞ்சம் விவரமாக எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

ஈரானின் கிழக்கு அசர்பைஜான் மாகாணத்தில் மியானே என்ற ஊரில் 1960இல் பிறந்தவர். அப்பா வீடுகளுக்கு வண்ணம் பூசுபவர். கட்டாய ராணுவ சேவையில் ஈரான்-ஈராக் போர்முனைக்குப் போய், நடுவில் குர்து போராளிகளிடம் பிடிபட்டு, திரும்பி வந்து தெஹ்ரானில் சினிமா படித்தார். அப்புறம் ஈரானின் பெரிய இயக்குநரான அப்பாஸ் கியாரொஸ்தமியின் வீட்டுத் தொலைபேசியில், உங்களிடம் வேலை பார்க்க வேண்டும் என்று ஒரு செய்தி பதிந்துவைத்தார். அப்படித்தான் ‘ஆலிவ் மரங்களினூடே’ படத்துக்கு உதவி இயக்குநரானார். அந்தப் படப்பிடிப்புக்குக் காரில் போகும்போதும் வரும்போதும் கியாரொஸ்தமி வாயால் சொல்லச் சொல்ல, பனாஹி டேப்பில் பதிவு செய்துகொண்டதுதான் ‘வெள்ளை பலூன்’ திரைக்கதை. உதவி இயக்குநராக இருப்பவர்கள் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

‘வெள்ளை பலூன்’ 1995இல் வந்தது. ஈரானியப் புத்தாண்டுக்குத் தங்கமீன் வாங்கக் கிளம்பும் ஏழு வயதுச் சிறுமி, வழியில் பணத்தைச் சாக்கடைக் கம்பிக்குள் தவறவிடுகிறாள். கதை அவ்வளவுதான். கானில் முதல் பட இயக்குநருக்கான தங்கக் கேமரா விருது வாங்கியது. ஈரான் அதை ஆஸ்கருக்கு அனுப்பியது. பிறகு அமெரிக்காவோடு இருந்த மனக்கசப்பில் திரும்பப் பெறப் பார்த்தது, அகாடமி ஒத்துக்கொள்ளவில்லை. அமெரிக்கப் பத்திரிகைகளிடம் தொலைபேசியில்கூடப் பேசக் கூடாது என்று பனாஹிக்கு உத்தரவு வந்தது. தங்கமீன் வாங்கப் போன குழந்தையைப் பற்றிப் படம் எடுத்தவருக்கு இது.

அங்கே நடைமுறை என்னவென்றால், அமைச்சகத்திடம் இரண்டு தடவை போய் நிற்க வேண்டும். கலாச்சாரம் மற்றும் இஸ்லாமிய வழிகாட்டல் அமைச்சகம். ‘எர்ஷாத்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். முதலில் திரைக்கதையைக் கொடுத்துப் படப்பிடிப்பு அனுமதி வாங்க வேண்டும். எடுத்து முடித்ததும் படத்தைக் காட்டித் திரையிட அனுமதி வாங்க வேண்டும். முதலாவது கிடைத்து இரண்டாவது கிடைக்காமல் போனால் படம் பெட்டிக்குள். அப்புறம் விதிகள். திரையில் ஆணும் பெண்ணும் தொட்டுக்கொள்ளக் கூடாது, கதைப்படி கணவன் மனைவியாக இருந்தாலும் சரி. பெண் தன் வீட்டில் தனியாக இருக்கும் காட்சியிலும் தலையை மூடியிருக்க வேண்டும், ஏனென்றால் பார்வையாளர்களில் அந்நிய ஆண்கள் இருக்கிறார்கள். எந்த வீட்டில் எந்தப் பெண் தனியாக இருக்கும்போது முக்காடு போட்டுக்கொண்டு தூங்குகிறாள்? பொய்யாக ஒரு ஷாட் எடுப்பதற்கு எடுக்காமலே இருக்கலாம் என்று நினைக்கும் இயக்குநர் என்ன செய்வார், கதையைத் தெருவுக்குக் கொண்டுபோய்விடுவார். தெருவில் முக்காடு போடுவது நிஜம். ஈரானியப் படங்களில் ஏன் இவ்வளவு தெரு, இவ்வளவு கார், இவ்வளவு குழந்தைகள் என்று வியப்பவர்கள் இதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

1997இல் ‘கண்ணாடி’. எனக்கு மிகவும் பிடித்த பனாஹி படம் இதுதான், தொழில்முறைப் பொறாமையோடு பார்த்த படமும் கூட. பள்ளிக்கூட வாசலில் அம்மா வரவில்லை என்று ஒரு சின்னப் பெண் தானே வீட்டுக்குக் கிளம்புகிறாள். கையில் மாவுக்கட்டு. பாதிப் படத்தில், பேருந்துக்குள், திடீரென்று கேமராவை நேராகப் பார்த்து “நான் இனிமே நடிக்க மாட்டேன்” என்கிறாள். பொய் மாவுக்கட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கிப் போய்விடுகிறாள். அவள் சட்டையில் மாட்டிய மைக் அப்படியே இருக்கிறது. மீதிப் படம் முழுக்கக் குழுவினர் தூரத்திலிருந்து அவளைத் தொடர்கிறார்கள். வண்டிகள் மறைக்கின்றன, ஆள் காணாமல் போகிறாள், ஒலி மட்டும் வருகிறது. சில நேரம் ஒலியும் அறுந்துபோகிறது. வானொலியில் கால்பந்து வர்ணனை ஓடிக்கொண்டே இருக்கிறது. படம் எது, நிஜம் எது என்ற விளையாட்டை இவ்வளவு சுத்தமாக ஒருவர் ஆடியது 1997இல். லொகார்னோ திரைப்பட விழாவில் தங்கச்சிறுத்தை விருது வாங்கியது. இந்த வருஷத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ‘தடை வந்த பிறகு பனாஹி கண்டுபிடித்த புதிய வடிவம்’ என்று விமர்சகர்கள் எழுதும் எல்லாமே தடைக்கு 13 வருஷம் முன்பே இந்தப் படத்தில் இருக்கிறது.

2000இல் ‘வட்டம்’. கறுப்புத் திரையில் ஒரு பிரசவ வலிக் கதறல், பிறகு வெள்ளைக் கதவில் ஒரு சின்ன ஜன்னல். பையன் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள், பெண் பிறந்திருக்கிறது. வாசலில் நிற்கும் பாட்டிக்கு முகம் இருண்டுவிடுகிறது. அங்கிருந்து ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பெண்ணுக்குக் கதை கைமாறிக்கொண்டே போய், கடைசியில் இன்னொரு கதவு, இன்னொரு சின்ன ஜன்னல். இந்த முறை அது சிறை. முதல் ஜன்னலில் கேட்ட அதே பெயரை அங்கேயும் கூப்பிடுகிறார்கள். நடுவில் ஒரு விஷயம்: படத்தில் வரும் பெண்களுக்கு ஒரு சிகரெட் பிடிக்க வேண்டும் போலிருக்கிறது, யாராலும் முடிவதில்லை. படம் முடியப்போகும்போது, கைதி வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒருத்திதான் கடைசியில் பற்றவைக்கிறாள். வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச்சிங்கம் விருது கொடுத்தார்கள். ஈரானில் தடை செய்தார்கள். 2003இல் ‘செந்தங்கம்’, அதற்கும் தடை.

நடுவே 2001இல் ஒரு சம்பவம். ஹாங்காங்கிலிருந்து தென் அமெரிக்கா போகும் வழியில் நியூயார்க் விமான நிலையத்தில் விமானம் மாறக் காத்திருந்தவரை, கைரேகை கொடுக்க மறுத்தார் என்று சங்கிலியால் பெஞ்சோடு பிணைத்து மணிக்கணக்கில் உட்காரவைத்து, வந்த வழியே திருப்பி அனுப்பினார்கள். ஈரானைப் பற்றிப் பேசும்போது மட்டும் நம் குரல் உயர்ந்துவிடுகிறது என்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன்.

‘ஆஃப்சைடு’ 2006இல் வந்தது. அப்போது ஈரானில் பெண்கள் ஆண்களின் கால்பந்தாட்டத்தை அரங்கத்தில் போய்ப் பார்க்க முடியாது. பனாஹியின் மகளையே ஒருமுறை வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். அதுதான் பொறி. அனுமதிக்காக ஆண் பிள்ளைகள் ஆட்டம் பார்க்கப் போகும் கதை என்று ஒரு டம்மிச் சுருக்கத்தைக் கொடுத்துவிட்டு, 2005 ஜூன் 8 அன்று தெஹ்ரானின் ஆசாதி மைதானத்தில் ஈரானும் பஹ்ரைனும் மோதிய உலகக்கோப்பைத் தகுதி ஆட்டத்தின்போதே எடுத்தார். பையன் வேஷத்தில் உள்ளே நுழையப் பார்த்த பெண்களைப் பிடித்து மைதானத்தின் வெளிச்சுற்றில் ஒரு தடுப்புக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். ஆரவாரம் கேட்கிறது, ஆட்டம் தெரியவில்லை. காவலுக்கு நிற்கும் சிப்பாய்க்கு ஊரில் மாடு இருக்கிறது, அவனுக்கு இந்த டியூட்டியே தலைவலி. கடைசியில் இன்னொரு சிப்பாய் கம்பி வழியாக எட்டிப் பார்த்து அந்தப் பெண்களுக்கே வர்ணனை சொல்ல ஆரம்பிக்கிறான். ஒரு பெண்ணுக்குக் கழிப்பறை போக வேண்டும், அங்கே பெண்கள் கழிப்பறையே கிடையாது. வீரர் படம் போட்ட சுவரொட்டியில் கண்ணுக்கு ஓட்டை போட்டு, முகமூடியாக மாட்டி அவளைக் கூட்டிப் போகிறான் ஒருவன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

இதை ஓர் எடிட்டராக நினைத்துப் பாருங்கள். ஆட்டம் எப்படி முடியும் என்று படமெடுப்பவருக்கே தெரியாது. தோற்றால் ஒரு முடிவு, ஜெயித்தால் வேறொரு முடிவு. ஈரான் 1-0 என்று ஜெயித்து உலகக்கோப்பைக்குப் போனது. ஊரே தெருவுக்கு வந்து பட்டாசு கொளுத்துகிறது, அந்தக் கூட்டத்துக்குள்ளேயே பெண்களைப் பிடித்துவந்த வேன் மாட்டிக்கொள்கிறது. அந்தக் கூட்டத்தைக் காசு கொடுத்துக் கொண்டுவர எந்தத் தயாரிப்பாளராலும் முடியாது. இந்தப் படத்துக்கும் ஈரானில் தடை. திருட்டு டிவிடியில் ஊர் முழுக்கப் பார்த்தார்கள் என்பது வேறு விஷயம். 2019 அக்டோபரில் கம்போடியாவோடு ஆடிய ஆட்டத்துக்குத்தான் ஆசாதியின் கதவு பெண்களுக்காக, அதுவும் தனிப் பகுதியில், திறந்தது. அதற்கு முந்தைய மாதம் சஹர் கோதாயாரி என்ற கால்பந்து ரசிகை, அரங்கத்துக்குள் நுழைய முயன்ற குற்றத்துக்குச் சிறைக்குப் போக வேண்டிவருமோ என்ற பயத்தில் நீதிமன்ற வாசலில் தீக்குளித்து இறந்திருந்தார்.

சரி, கணக்குக்கு வருவோம். 1995, 1997, 2000, 2003, 2006. 11 வருஷத்தில் ஐந்து படங்கள், ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரிய கேன்வாஸ். ஒரு சந்தில் தொடங்கியவர் ஒரு நகரத்தையே இயக்கும் இடத்துக்கு வந்துவிட்டார். வயது 46. அடுத்த படம் என்னவாக இருந்திருக்கும்?

அந்த அடுத்த படம் இல்லை. 2009 தேர்தலுக்குப் பிறகு நடந்த போராட்டங்களை ஒட்டி, ஒரு குடும்பத்தை மையமாக வைத்து, இன்னொரு இயக்குநரான முகமது ரசூலோஃபோடு சேர்ந்து தன் வீட்டிலேயே ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தார். 2010 மார்ச் 1 அன்று வீட்டில் புகுந்து அவரையும் மனைவி, மகளையும் விருந்தாளிகளையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனார்கள். மற்றவர்களில் பெரும்பாலோரைச் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். பனாஹி தெஹ்ரானின் எவின் சிறையில் உண்ணாவிரதம் இருந்து, மே மாதக் கடைசியில்தான் பிணையில் வெளியே வந்தார். அந்த மாதம் கான் விழா நடுவர் குழுவில் அவருக்காக ஒரு நாற்காலியைக் காலியாகப் போட்டு வைத்திருந்தார்கள். டிசம்பரில் தீர்ப்பு: ஆறு வருஷச் சிறை, 20 வருஷம் படம் எடுக்கக் கூடாது, திரைக்கதை எழுதக் கூடாது, பேட்டி கொடுக்கக் கூடாது, நாட்டை விட்டுப் போகக் கூடாது. சிறைத் தண்டனையை உடனே நிறைவேற்றாமல் தலைக்கு மேலே தொங்கவிட்டார்கள்.

இப்போது அந்தக் கேக் படம், ‘இது ஒரு படமல்ல’. மேல்முறையீட்டுத் தீர்ப்புக்குக் காத்திருக்கும் நாட்களில் ஆவணப்பட இயக்குநர் மொஜ்தபா மிர்தஹ்மாஸ்ப் கேமராவோடு வீட்டுக்கு வருகிறார். பனாஹிக்கு எடுக்கத் தடை, எழுதத் தடை. வாசிக்கத் தடை இருப்பதாகத் தீர்ப்பில் இல்லையே. ஆகவே அனுமதி மறுக்கப்பட்ட தன் திரைக்கதை ஒன்றை வாசித்துக் காட்டுகிறேன் என்கிறார். கலைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த ஒரு பெண்ணைப் போகவிடாமல் வீட்டில் பூட்டி வைக்கிறார்கள், அதுதான் கதை. கம்பளத்தின் மேல் டேப் ஒட்டி அறையை வரைகிறார்: இது கதவு, இது ஜன்னல், இங்கே அவள் படுக்கை. உற்சாகமாகத்தான் ஆரம்பிக்கிறார். தரையில் குந்தி உட்கார்ந்து, கேமரா எங்கே நிற்கும், எதைக் காட்டும் என்றெல்லாம் சொல்கிறார். திடீரென்று நின்றுவிடுகிறது. படத்தை இப்படிச் சொல்லிவிட முடியுமென்றால் எதற்கு எடுக்க வேண்டும் என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார். முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

அதற்குப் பிறகு அவர் செய்வதுதான் முக்கியம். தன் பழைய படங்களின் டிவிடியைப் போட்டு, ரிமோட்டோடு நின்று பாடம் நடத்துகிறார். ‘செந்தங்கம்’ படத்தில் நகைக்கடையில் அவமானப்பட்டு வெளியே வரும் நாயகன், நடிகர் அல்லாதவர், சுவரில் சாய்ந்து ஒரு பார்வை பார்ப்பார். இதை நான் எப்படி எழுதியிருக்க முடியும், அவர் செய்த பிறகுதானே எனக்கே தெரிந்தது என்கிறார். ‘வட்டம்’ படத்தில் ஓடும் பெண்ணின் பதற்றத்தை அந்த இடத்தின் தூண்களே காட்டிவிட்டன என்கிறார். டேப் ஒட்டிய கம்பளம் அவருக்கு எதையும் திருப்பிக் கொடுக்காது. அவர் படம் எடுக்கும் முறையே எதிரில் இருக்கும் ஆளும் இடமும் தன்னை எங்கேயாவது இழுத்துப் போகட்டும் என்று விடுவது. அந்த ஆளையும் இடத்தையும்தான் தீர்ப்பு பிடுங்கிக்கொண்டது. மீதி இருந்தது வீட்டில் ஒரு இகுவானா, தொலைபேசியில் வழக்கறிஞர், ஜன்னலுக்கு வெளியே திருவிழாப் பட்டாசுச் சத்தம். இதை வைத்துக்கொண்டும் பிரமாதமான படம் வந்துவிட்டது என்பது அவர் கெட்டிக்காரத்தனம். அதற்கான பாராட்டில் நீதிபதிக்குப் பங்கு கிடையாது.

2013இல் வந்த ‘மூடிய திரை’ எனக்கு ஒட்டவில்லை. காஸ்பியன் கடலோர வீடு, கறுப்புத் திரைச்சீலை, ஒளித்து வளர்க்கும் நாய், கடலுக்குள் நடந்துபோவது போல ஒரு காட்சி. மனம் விட்டுப்போன மனிதர் எடுத்த படம். பெர்லினில் திரைக்கதை விருது கொடுத்தார்கள், நான் இன்னொரு தடவை பார்க்க மாட்டேன். ஆனால் ‘கட்டுப்பாட்டில் விளைந்த கலை’ என்று பேசுகிறவர்கள் இந்தப் படத்தை ஏன் உதாரணம் காட்டுவதில்லை என்றும் கேட்கத் தோன்றுகிறது.

‘டாக்சி’ (2015) வேறு ரகம். அவரே வாடகைக் கார் ஓட்டுகிறார், கண்ணாடிக்குக் கீழே கேமரா. நடுவில் அவருடைய சகோதரி மகளாக வரும் ஹனா ஏறிக்கொள்கிறாள். பள்ளியில் குறும்படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், ‘வெளியிடத்தக்க’ படத்துக்கு டீச்சர் சொன்ன விதிகளை நோட்டிலிருந்து படிக்கிறாள். முக்காடு வேண்டும், ஆணும் பெண்ணும் தொடக் கூடாது, நல்லவன் டை கட்டக் கூடாது, நிஜத்தைக் காட்டலாம், ஆனால் ரொம்ப மோசமான நிஜத்தைக் காட்டக் கூடாது. பிறகு அவள் தெருவில் ஒரு பையனைப் படம் பிடிக்கிறாள். அவன் மணமகனின் பாக்கெட்டிலிருந்து விழுந்த பணத்தை எடுத்துவிடுகிறான். திருட்டைக் காட்டினால் படம் வெளியிடத் தகுதியில்லாமல் போய்விடுமே! திருப்பிக் கொடுடா, என் படம் கெட்டுப்போகுது என்று அவனோடு மல்லுக்கு நிற்கிறாள். தணிக்கை வேலை செய்யும் விதத்தை இதைவிடக் குறைந்த நேரத்தில் யாரும் விளக்கியதில்லை. பெர்லினில் தங்கக்கரடியை வாங்க பனாஹியால் போக முடியவில்லை. மேடையேறி அழுதுகொண்டே வாங்கியது அந்தப் பெண்தான்.

‘டாக்சி’யின் கடைசியில் பெயர் ஓடாது. வெளியிடத்தக்க படங்களின் பெயர்ப்பட்டியலுக்குத்தான் அமைச்சகம் ஒப்புதல் தரும், ஆகவே இந்தப் படத்துக்குப் பெயர்ப்பட்டியல் இல்லை, உதவியவர்களுக்கு நன்றி என்று ஒரு குறிப்பு மட்டும். என் தொழிலில் இருப்பவனுக்கு இது சுருக்கென்று தைக்கும். சம்பள பாக்கி வைத்தாலும் பொறுத்துக்கொள்வோம், பெயர் போடாவிட்டால் பொறுக்க மாட்டோம். இங்கே பெயர் போட்டால் ஆளுக்கு ஆபத்து. வெறும் பேச்சு இல்லை இது. ‘இது ஒரு படமல்ல’ வெளிவந்த வருஷமே மிர்தஹ்மாஸ்பைப் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். ‘மூடிய திரை’யில் நடித்து, சேர்ந்து இயக்கிய கம்பூசியா பர்த்தோவி, நடிகை மரியம் மொகதம் இருவரின் கடவுச்சீட்டையும் பிடுங்கிக்கொண்டார்கள். உலகப்புகழ் பனாஹிக்கு ஓரளவு கவசமாக இருந்தது. கூட இருந்தவர்களுக்கு அதுவும் இல்லை.

2022 ஜூலையில் ரசூலோஃபைக் கைது செய்ததை விசாரிக்க எவின் சிறை அலுவலகத்துக்குப் போனவரை, அந்தப் பழைய ஆறு வருஷம் பாக்கி இருக்கிறதே என்று உள்ளே வைத்தார்கள். அவர் உள்ளே இருக்கும்போதுதான் ‘கரடிகள் இல்லை’ வெனிஸில் சிறப்பு நடுவர் விருது வாங்கியது. அதில் ஒரு காட்சி: எல்லைக் கிராமத்தில் தங்கி, மடிக்கணினி வழியாகத் துருக்கியில் நடக்கும் படப்பிடிப்பை இயக்கும் பனாஹி, இரவில் மேட்டில் நின்றுகொண்டு எல்லைக்கோடு எங்கே என்று கேட்கிறார். நீங்கள் நிற்பதே அதன் மேல்தான் என்கிறான் உதவியாளன். சட்டென்று ஓரடி பின்வாங்குகிறார். ரசூலோஃப் 2024இல் எட்டு வருஷத் தண்டனையும் சவுக்கடியும் அறிவிக்கப்பட்டதும் மலை வழியாக நடந்தே நாட்டை விட்டு வெளியேறினார். யார் செய்தது சரி என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை.

2023 பிப்ரவரியில், உண்ணாவிரதம் அறிவித்த இரண்டே நாளில் பனாஹியை விட்டார்கள். பயணத் தடையும் நீங்கியது. அனுமதி வாங்காமலேயே எடுத்ததுதான் ‘அது வெறும் விபத்து’. முன்னாள் கைதியான ஒரு மெக்கானிக், தன்னைச் சித்திரவதை செய்தவனைச் செயற்கைக் காலின் கிரீச் சத்தத்தை வைத்து அடையாளம் காண்கிறான். விசாரணையின்போது கண்ணைக் கட்டியிருந்ததால் முகம் தெரியாது. ஒலியை வைத்து ஒரு முழுப் படத்தையும் நகர்த்துவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்கள் இதை எழுந்து நின்று பார்ப்பார்கள். தங்கப்பனை கொடுத்த நடுவர் குழுவுக்குத் தலைவர் பிரெஞ்சு நடிகை ஜூலியட் பினோஷ். 2010 கானில் சிறந்த நடிகை விருது வாங்கியபோது பனாஹியின் பெயர் அட்டையைக் கையில் தூக்கிக் காட்டியவர் அவர். 2025 டிசம்பரில் பனாஹி வெளிநாட்டில் இருக்கும்போதே தெஹ்ரான் நீதிமன்றம் இன்னும் ஒரு வருஷச் சிறை என்று தீர்ப்பளித்தது. திரும்பிப் போவேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: ‘ஆஃப்சைடு’. நல்ல ஸ்பீக்கரில், சத்தம் வைத்து. அடுத்து ‘கண்ணாடி’. அந்த இரண்டும் முடிந்த பிறகு ‘இது ஒரு படமல்ல’ பாருங்கள். டேப் ஒட்டிய கம்பளத்தின் நடுவில் அவர் நிற்கும்போது, அந்த ஆள் ஒரு காலத்தில் ஆசாதி மைதானத்துக் கூட்டத்துக்கு நடுவே நின்று படமெடுத்தவர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.